மூணு நூல்: இன்டீரியர் டிசைன் படித்த நான்கு வருடங்கள்

எங்கள் அம்மாவின் முழங்கை தரையிலிருந்து 93 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சமையல் மேடையின் உயரம் 36 இஞ்ச், அதாவது 91 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்த மேடைமீது அடுப்பு, அடுப்பின்மீது குழம்புச் சட்டி. சட்டியின் விளிம்பு ஏறக்குறைய அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். இருபது வருடமாக அவர் வலது தோளைத் தூக்கிக்கொண்டேதான் கிண்டியிருக்கிறார். ராத்திரியில் தைலம் தேய்த்துவிடச் சொல்வார். வயசானால் வருகிற வலி என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். 2017இல் சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்கு இன்டீரியர் டிசைன் படிக்கப் போன எனக்கு, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க மூன்று வருடம் தேவைப்பட்டது.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இந்தப் படிப்பைப் பற்றி அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். போனில் அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பட்டத்தைப் பற்றி. சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு வருத்தப்பட்ட பலரை எனக்குத் தெரியும். நான் படித்தது நான்கு வருட பி.டெஸ்., அதாவது வடிவமைப்புக்கான இளநிலைப் பட்டம். ஆர்க்கிடெக்சர் என்றால் ஐந்து வருட பி.ஆர்க்., அதற்கு நாட்டா போன்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், முடித்ததும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்ய வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். சில கல்லூரிகளில் நம் படிப்புக்கு ‘இன்டீரியர் ஆர்க்கிடெக்சர்’ என்று பெயர் இருக்கும். பெயரில் அந்தச் சொல் இருப்பதால் பதிவு கிடைத்துவிடாது. புதுக் கட்டடத்துக்குப் பிளான் போட்டு அனுமதி வாங்குகிற வேலையில் ஆசை இருந்தால் பி.ஆர்க். போவதே சரி. கட்டி நிற்கிற இடத்துக்குள்ளே மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், உட்காருகிறார்கள், சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள் என்பதில் மனம் போகிறதென்றால் இங்கே வாருங்கள். கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சான்றிதழில் பட்டத்தின் பெயர் என்னவென்று அச்சாகும்? விளம்பரத் தாளைக் காட்டினால் போதாது, போன வருடம் முடித்தவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் வருடம் முழுக்கக் கைதான். டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், கார்ட்ரிட்ஜ் தாள், 2எச் பென்சில். கோடு ஆரம்பிக்கிற இடத்திலும் முடிகிற இடத்திலும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு வாரம் வெறும் கோடு போட்டோம். கம்ப்யூட்டர் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று விடுதியில் புலம்பல் நடக்கும். இப்போது சைட்டில் நின்றுகொண்டு, ஆசாரி கேட்கிற சந்தேகத்துக்கு அங்கேயே பூசாத சுவரில் பென்சிலால் வரைந்து காட்டும்போதெல்லாம் அந்த ஒரு வாரத்தை நினைத்துக்கொள்கிறேன். பெரிய லேப்டாப்பை முதல் வருடமே வாங்கித் தர வேண்டாம் என்று பெற்றவர்களிடம் சொல்வேன். இரண்டாம் வருடம் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், அப்புறம் ரெண்டரிங் வரும்போது வாங்கினால் போதும். மென்பொருளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. வருடாவருடம் மாறும், தேவை வந்தால் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஜூரியைப் பற்றி எழுத வேண்டும். செமஸ்டர் முழுவதும் செய்த வேலையைச் சுவரில் குத்திவைத்து, வெளியிலிருந்து வருகிற வடிவமைப்பாளர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். இரண்டாம் வருட ஜூரிக்கு ஆறு பேர் வாழும் ஒரு ஃபிளாட்டை மாற்றி வடிவமைக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு ராத்திரி தூங்காமல் ஆறு ஷீட் முடித்தேன். மவுன்ட் போர்டில் மாடல். ஹாலில் படிப்பு மூலை, பால்கனியில் ஊஞ்சல், செடிகள். பார்க்க அத்தனை அழகாக இருந்தது. வந்திருந்த ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், ஷீட்டுகளை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஆறு பேர் துணி எங்கம்மா காயும்?”

ஊஞ்சல் இருந்த பால்கனியைக் காட்டினேன். “ஊஞ்சல் ஆடினா ஈரத் துணி மூஞ்சில அடிக்குமே. சரி, துடைப்பம் எங்க இருக்கும்? குப்பைக் கூடை? காஸ் சிலிண்டர் மாத்துறவர் எந்த வழியா வருவார்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. மதிப்பெண் குறைந்தது. அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் அந்தக் கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். இன்றைக்கும் ஒரு வீட்டுக்கு வரைய ஆரம்பிக்கும் முன் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் எடுக்கிறேன். வருடங்களில் பட்டியல் நீண்டிருக்கிறது: அரிசி மூட்டை, இன்வெர்ட்டர் பேட்டரி, கொலுப் பெட்டி, ஊரிலிருந்து ஆள் வந்தால் விரிக்கிற பாய், மழைக்காலத்துச் செருப்பு.

ஜூரிக்குப் போகிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்வது: முந்தின ராத்திரி தூங்கிவிடுங்கள். ஏழாவது ஷீட் கொண்டுவராததை யாரும் கவனிக்க மாட்டார்கள். தூங்காத மூளை கேட்ட கேள்வி என்னவென்றே புரியாமல் பதில் சொல்லும். நண்பர் ஒருவரை உட்காரவைத்து, நமக்குச் சொல்லப்படுவதை அவர் எழுதட்டும். நிற்கிற பதற்றத்தில் நம் காதில் பாதிதான் விழும்.

இரண்டாம் வருடக் கடைசியில் செட்டிநாட்டுக்கு அழைத்துப்போனார்கள், அளவெடுத்து வரைவதற்கு. ஒரு வீட்டை எட்டு பேர் ஒரு வாரம் அளந்தோம். திண்ணை, முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, கடைசியில் சமையல்கட்டு என்று வாசலிலிருந்து பின்வாசல்வரை ஒரே நேர்கோட்டில் பார்வை போகும். வெளித்திண்ணையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, வளவைச் சுற்றியிருந்த தாழ்வாரத்தில் கால் குளிர்ந்தது. சுவரில் கையை வைத்தால் பளிங்கு மாதிரி வழுக்கும். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கலந்து மெருகேற்றிய பூச்சு அது. பக்கத்தில் ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்கிற பட்டறைக்கும் போனோம். ஒரு கண்ணாடித் தகடு, அதன்மீது அச்சு, அச்சின் கட்டங்களில் வண்ணச் சிமென்ட் குழம்பு. அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமென்டும் இட்டு அமுக்கி, காயவைத்துத் தண்ணீரில் போடுகிறார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது, சூளையே கிடையாது. பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பொருளை அது உருவாகிற இடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால், அதை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கல் எலுமிச்சைச் சாறும் புளியும் பட்டால் கறைபிடிக்கும், தினமும் துடைத்து நடமாடினால்தான் மெருகு ஏறும். விருந்தினர் அறைக்குப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிவைப்பவர்களுக்கு அது உகந்ததில்லை.

அங்கே நான் செய்த தவறு ஒன்று, புதிதாக அளக்கப்போகிறவர்களுக்குப் பயன்படும். முகப்பில் பத்துத் தூண்கள். ஒவ்வொரு தூணுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தனித்தனியாக அளந்து கூட்டினேன். மொத்த நீளம் 14 சென்டிமீட்டர் பிசகியது. ஒவ்வோர் அளவிலும் ஒன்றரை சென்டிமீட்டர் போல நழுவியது, கடைசியில் அத்தனையும் சேர்ந்துவிட்டது. டேப்பின் ஆரம்பத்தை ஒரு மூலையில் நிறுத்தி, அதை நகர்த்தாமல், முதல் தூண் எங்கே, இரண்டாம் தூண் எங்கே என்று தொடர்ச்சியாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். அப்படி அளந்தால் ஓரிடத்துப் பிசகு அந்த இடத்தோடு நின்றுவிடும். ஒருவர் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். அளக்கும் முன்னால் இடத்தை உத்தேசமாக வரைந்துகொள்ள வேண்டும், அந்த வரைபடத்தின் மேல்தான் எண்கள் ஏற வேண்டும். தனித்தாளில் எண்களை வரிசையாக எழுதிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினால், 2340 என்பது கதவா ஜன்னலா என்று ராத்திரி பதினொன்றுக்கு எவராலும் சொல்ல முடியாது.

பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக்கும் முன் அனுமதி வாங்கிக் கூட்டிப்போனார்கள். டோக்கியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, கட்டுமானத்தைக் கூடவே இருந்து கவனித்தவர் ஜார்ஜ் நாகஷிமா. 1930களின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த பத்தாண்டில்தான் முடிந்திருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை படுக்கைவாட்டில் சிமென்ட் பலகைகள், கையால் திருப்பி மூடலாம், திறக்கலாம். நான் போனது மே மாதம். அறைக்குள் காற்று நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, நாங்களும் பேசவில்லை. ஃபால்ஸ் சீலிங்கில் எத்தனை விளக்கு போடலாம் என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்த நான், வெளிச்சமும் காற்றும் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று தேட ஆரம்பித்தது அந்த மதியத்திலிருந்துதான்.

2019 கோடையில் இன்டர்ன்ஷிப். சென்னையில் ஒரு சின்ன நிறுவனம். என்னிடம் தந்த முதல் வேலை, ஒரு படுக்கையறையில் இரண்டு சுவருக்கு நடுவில் அலமாரி. அறைக்குப் போனேன், லேசர் கருவியைத் தரையோரம் வைத்தேன், 1829 மில்லிமீட்டர். சரியாக ஆறடி. அப்படியே வரைந்து கொடுத்தேன். தொழிற்கூடத்தில் பிளைவுட் வெட்டி, மைக்கா ஒட்டி, ஓரப்பட்டை போட்டு, முழுப் பெட்டியாக லாரியில் வந்தது. நான்கு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கீழே நுழைந்தது. ஐந்தடிக்கு மேல் சுவர் பிடித்துக்கொண்டது.

வேலையை முன்னின்று பார்த்தவர் ராஜஸ்தானிலிருந்து வந்த தச்சர். சென்னையில் உள்ளலங்கார மரவேலையில் வடக்கிலிருந்து வந்தவர்கள் நிறைய. அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து மேலிருந்து தொங்கவிட்டார். கீழே நூலுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி, மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. சுவர் சாய்ந்திருந்தது. பூச்சு வேலையில் அது சகஜம் என்று இப்போது தெரியும். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொல்லித் தந்தார். அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் எடு. உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் எடு. மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவும் எடு, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது நேரான சதுரம். எல்லாவற்றிலும் சின்ன எண் எதுவோ அதை எடுத்துக்கொள். அதிலிருந்தும் ஒவ்வொரு பக்கமும் “தீன் சூத்” விடு. அப்புறம் அந்த இடைவெளியை ஒரு பட்டியால் மூடிக்கொள்ளலாம்.

சூத் என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. விரலால் டேப்பில் காட்டினார். ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. மூன்று சூத் என்பது ஒன்பதரை மில்லிமீட்டர். நோட்டில் 9.5 என்று எழுதி வட்டம் போட்டேன். அலமாரியின் ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, தட்டுகளை எல்லாம் சன்னமாக வெட்டி, மைக்கா திரும்ப ஒட்டி, இரண்டு நாள் வேலை. பண நஷ்டம் அந்த நிறுவனத்துக்கு, பழி என் அளவுக்கு. அதை மறைக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது. என் கையெழுத்து அந்தப் படத்தில் இருந்தது.

கல்லூரியில் எல்லாம் மில்லிமீட்டர், சைட்டில் எல்லாம் அடி, இஞ்ச். இரண்டு மொழியும் நாக்கில் இருக்க வேண்டும். பிளைவுட் பலகை எட்டுக்கு நாலு, அதாவது 2440க்கு 1220. நம் அலமாரித் தட்டை 1230 என்று வரைந்தால் பத்து மில்லிமீட்டருக்காக ஒரு முழுப் பலகை போய்விடும். வெட்டும்போது ரம்பமே ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தின்றுவிடும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஈரம் படுகிற இடத்துக்கு எந்தப் பலகை என்று கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல், பலகையின் மீது அச்சிட்ட ஐ.எஸ். எண்ணை, அதாவது இந்தியத் தர எண்ணைப் பார்க்கப் பழக வேண்டும்: 303 என்றால் சாதாரணப் பயன்பாட்டுப் பலகை, அதிலேயே தண்ணீர் தாங்கும் ரகம் தனி, 710 என்றால் தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்குகிற மரைன் பலகை. பெரியமேட்டில் சிடன்ஹாம்ஸ் சாலை பிளைவுட் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுற்றினால் ஒரு செமஸ்டர் பாடம் முடியும். வாங்க வேண்டாம். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போய், மாணவி என்று சொல்லி, கீலையும் கைப்பிடியையும் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பொறுமையாக விளக்குவார்கள். எனக்கு ஒருவர் மைக்கா சாம்பிள் துண்டுகள் ஒரு பை நிறையக் கொடுத்தார், இன்னும் வைத்திருக்கிறேன்.

2020 மார்ச். விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு ஜோல்னாப் பையும் ஐந்து மீட்டர் டேப்புமாக ஊருக்கு வந்தேன். நான்கு நாளில் திரும்பலாம் என்று நினைத்தது ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. ஆன்லைன் வகுப்பை நான் கேட்டது சமையலறை வாசலில் உட்கார்ந்து, வீட்டில் சிக்னல் அங்கேதான் வரும். அப்படித்தான் அம்மா சமைப்பதை வாழ்க்கையில் முதல்முறையாகத் தொடர்ந்து பார்த்தேன்.

பாடத்தில் உடலளவியல் என்று ஒன்று உண்டு, மனித உடலின் அளவுகளைப் பற்றியது. எங்கள் வகுப்பில் எல்லோர் கையிலும் இருந்தது 1936இல் ஜெர்மனியில் முதலில் வெளிவந்த நாய்ஃபெர்ட்டின் அளவுத் தொகுப்பு. கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே தன் அளவு முறைக்கு எடுத்துக்கொண்ட மனிதன் முதலில் 1.75 மீட்டர், பின்னால் அதை 1.83 ஆக்கினார், ஆறடி. அம்மா ஒன்றரை மீட்டர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்ட தேப்குமார் சக்கரவர்த்தியின் இந்திய உடலளவுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பேராசிரியர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் முதல் வருடமே அதைத் தேடிப் படியுங்கள். பொதுவாகச் சொல்வது: நறுக்கி, பிசைகிற மேடை முழங்கைக்குப் பத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோளுக்குச் சிரமமில்லை. அன்றைக்கு ராத்திரிதான் அம்மாவைக் கதவு நிலையில் சாய்ந்து நிற்கச் சொல்லி முழங்கையை அளந்தேன். 93.

“இருபது வருஷம் இதுலயே ஆக்கியாச்சு. இனிமே என்னத்தட்டி மாத்தப் போற?” என்றார் அம்மா.

இறுதி வருட ஆய்வுக்கு, வகுப்பில் பலர் விமான நிலைய லவுஞ்ச், அருங்காட்சியகம் என்று எடுத்தபோது நான் எங்கள் தெருவின் சமையலறைகளை எடுத்தேன். வழிகாட்டி முதலில் தயங்கினார், சின்ன விஷயம் என்று நினைத்தாரோ என்னவோ. நான் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கியின் வேலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்காக அவர் வரைந்த சமையலறை ஏறக்குறைய 1.9க்கு 3.4 மீட்டர்தான். ரயிலின் சமையல் பெட்டிகளைப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி, எத்தனை எட்டு நடை என்று கணக்கெடுத்து வரைந்தது. சுமார் பத்தாயிரம் வீடுகளில் கட்டினார்கள். இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்வதன் மூத்த தலைமுறை அது. அதை வரைந்த காலத்தில் தனக்குச் சமையல் அனுபவமே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு இருந்த வசதி, ஆக்குகிறவர் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அம்மா எங்கெல்லாம் நடக்கிறார் என்று தரைப்படத்தின் மேல் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் போட்டதில் ஓர் இடத்தில் தாள் கறுத்துவிட்டது: அடுப்புக்கும் தண்ணீர்க் குடங்களுக்கும் நடுவில். எங்கள் தெருவில் தினமும் தண்ணீர் வராது, ஏழெட்டுக் குடம் பிடித்து வைத்தே ஆக வேண்டும். தரையில் இருந்த குடத்துக்கு ஒவ்வொரு தடவையும் குனிந்து மொண்டார். ரெடிமேட் கிச்சன் பட்டியல் எதிலும் குடத்துக்கு இடம் கிடையாது. வெங்காயம் உரிப்பதும் காய் நறுக்குவதும் மேடையில் இல்லை. அவருக்கு அரிவாள்மனைதான் வாகு, தரையில் ஒரு காலை மடக்கி உட்காருவார். டியூப்லைட் அறையின் நடுவில், அவர் முதுகுக்குப் பின்னால். அரிசியில் கல் பொறுக்கும்போது அவர் நிழலே அரிசியில் விழுந்தது. இதையெல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன், அளந்து தாளில் போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.

பக்கத்து வீட்டு அத்தை, எதிர்வீட்டு ஆச்சி, முகக்கவசத்தோடு பதினோரு சமையலறைகளுக்குப் போனேன். ஒன்றைக் கற்றுக்கொண்டேன். “என்ன கஷ்டம் இருக்கு?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லயே, நல்லாத்தானே இருக்கு” என்பார்கள். “நேத்து சாயங்காலம் காபி போட்டதைச் சொல்லுங்க” என்றால், பால் பாத்திரத்தை எங்கே வைப்பார்கள், சர்க்கரை டப்பாவுக்கு எப்படி எக்குவார்கள் என்று எல்லாம் வரும். கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டு, காபி கொடுத்தால் வாங்கிக் குடித்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

நான் வரைந்த அம்மாவின் சமையலறையில் மேடை ஒரே மட்டமாக இல்லை. நறுக்கிப் பிசைகிற பகுதி 32 இஞ்ச். அடுப்பு நிற்கிற இடம் 28 இஞ்ச், ஏனென்றால் அடுப்பே ஐந்து இஞ்ச் உயரம். பாத்திரம் கழுவுகிற தொட்டியின் விளிம்பு 34 இஞ்ச். தொட்டியில் நம் கை வேலை செய்வது அடியில்தான், அதனால் விளிம்பு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் பாத்திரம் கழுவுவது அப்பாவின் வேலையாகியிருந்தது, அவர் அம்மாவைவிட ஒரு சாண் உயரம், அதையும் சேர்த்துக்கொண்டேன். குடங்களுக்கு முழங்கால் உயரத்தில் கடப்பா கல் திட்டு. விளக்கு மேல் அலமாரியின் அடியில், கைக்கு முன்னால். கிழக்கு ஜன்னலோரம் நாலடிக்கு மூன்றடி ஒன்றுமே இல்லாத தரை.

கடைசி ஜூரி கம்ப்யூட்டர் திரையில்தான் நடந்தது, 2021இல். ஒருவர் அந்தக் காலித் தரையைக் காட்டி, “இந்த இடத்தை வீணாக்கியிருக்கீங்களே, ஒரு உயர அலமாரி வரலாமே?” என்றார். “அங்கதான் சார் அம்மா அரிவாள்மனையோட உட்காருவாங்க” என்றேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன், உட்கார்ந்த நிலையில் கை எட்டுகிற வட்டத்தையும் வரைந்திருந்தேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போகச் சொன்னார். நண்பி எழுதித் தந்த குறிப்பில் அந்த இடத்தில் “தலையாட்டினார்” என்று இருக்கிறது.

அந்த ஆவணியில் அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்க, உண்மையிலேயே கட்டினோம். உடைக்கிற நாளில் ஒரு வேலையைச் செய்தேன், வீட்டிலேயே இருந்துகொண்டு சமையலறையை மாற்றுகிறவர்கள் செய்யலாம்: பின்கட்டில் தற்காலிக அடுப்பு ஒன்றை முதலில் போட்டுவிட்டுத்தான் மேடையில் சுத்தியல் வைக்கச் சொன்னேன். பத்து நாள் என்று சொல்கிற வேலை இருபத்தைந்து நாள் ஆகும். அதுவரை வீடு பசியோடு இருந்தால் வடிவமைத்தவர்மீதுதான் எல்லோர் கோபமும் திரும்பும். பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டிய பிறகே அலமாரிக்கு மறுபடி அளந்தேன். பழைய அளவை நம்பவில்லை.

மரவேலைக்கு எங்கள் ஊர் ஆசாரி வந்தார், அப்பாவைவிட மூத்தவர். படத்தை விரித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவர், மேல் அலமாரி இரண்டு சுவருக்கு நடுவில் நிற்கிற இடத்தில் விரலை வைத்தார்.

“பாப்பா, இங்க ரெண்டு பக்கமும் மூணு நூல் விடணும். சுவரு எப்பவும் ஒழுங்கா இருக்காது.”

நூல் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். இஞ்சுக்கு எட்டு நூல் என்றார். அவருக்கு இந்தி தெரியாது, ராஜஸ்தானைப் பார்த்ததும் இல்லை. அந்தத் தச்சர் சொன்ன சூத் என்ற சொல்லுக்கும் நூல் என்றுதான் பொருள். இரண்டு பேர் கையிலும் ஒரே இழை. பழைய நோட்டை எடுத்து, 9.5 என்று வட்டம் போட்ட இடத்தைக் காட்டினேன், ஏற்கெனவே அவ்வளவு விட்டுத்தான் வரைந்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பலகை வெட்டும் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு அளவைக் கேட்டார்.

அலமாரி ஒரே தூக்கில் உட்கார்ந்தது. வேலை முடிந்து பால் காய்ச்சினோம். அம்மாவின் தோள் இறங்கி இருந்ததைப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். ஆனால் மறுநாள் குழம்பு கொதிக்கும்போது அவர் வலது கை தன்னால் மேலே போய், பழைய அடுப்புக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி இருந்த உயரத்தில் காற்றைத் துழாவியது. நான் உப்புக்குக் கீழே இழுப்பறையில் இடம் வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்தும் கை அங்கேதான் போனது, இரண்டு வாரம் கழித்தும். மூன்றாம் வாரம் ஆசாரியைக் கூப்பிட்டேன். அம்மாவை அடுப்புமுன் நிற்கச் சொல்லி, கண்ணை மூடி உப்பை எடுங்கள் என்றேன். கை போய் நின்ற இடத்தில் டைல்ஸ்மேல் பென்சிலால் கோடு போட்டேன். அங்கே ஆறு இஞ்சுக்கு ஒரு பலகை அடித்தோம். உப்பு ஜாடி இப்போது அதில்தான் இருக்கிறது.